எண்ணும் உறையும்

இரண்டும் மூன்றும் கூடினால் ஐந்து என்பதைத் தொடக்கப் பள்ளியிற் பயிலும் சிறுவனும் அறிவான். இத்துணை எளியதொரு விஷயத்தைக் கல்லூரி மாணவர்க்கு எடுத்துரைப்பானேன் என்று நேயர்கள் வினவலாம். கூட்டலின் விடை எளிதே. ஆயின், அக்கூட்டலை ஒரு யந்திரம் எவ்வாறு நிகழ்த்துகின்றது என்பது அத்துணை எளிதன்று. சார்புமுறை நிரல்மொழிகள் எனப்படும் ஒருவகைக் கணிப்பொறி மொழிகளில் ஒரே கூட்டலை ஓர் அடியிலும் முடிக்கலாம். கோடி அடிகளிலும் முடிக்கலாம். பின்னர்ச் செய்வோம் என்று ஒத்திவைத்து நினைவகத்தை நிரப்பவும் செய்யலாம். மிக விரைந்து செய்து பொய்யான விடையைத் தரவும் செய்யலாம். இந்நான்கனுள் எது நிகழும் என்பது, அம்மொழியை ஆக்கினோர் எண்ணுக்கு எத்தகைய உடலைக் கொடுத்தனர் என்பதைப் பொறுத்தது. அவ்வுடல்களையும், அவற்றால் விளையும் நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. சார்புமுறை மொழியாவது யாது?

கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளுட் பெரும்பாலானவை நினைவகத்தை ஒரு கரும்பலகையாகக் கருதுவன. இவ்விடத்தில் 5 என்று எழுது, பின்னர் அதனை அழித்து 6 என்று எழுது என்பது அவற்றின் நடை. சார்புமுறை மொழிகளோ கணித நூலின் நடையைப் பின்பற்றுவன. கணிதத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மதிப்பை அளித்துவிட்டால், கணக்கு முடியுங்காறும் அம்மதிப்பு மாறாது. ஒரு சார்புக்கு ஒரே உள்ளீட்டை எத்தனை முறை கொடுப்பினும் ஒரே விடையே வரும். ஆதலின், சமமானதை எடுத்துவிட்டு அதற்குச் சமமானதை அவ்விடத்தில் ஐயமின்றி எழுதலாம். இந்த ஒரு நியாயமே இம்மொழிகளுக்கு உயிர்நாடி என்னலாம்.

இவற்றின் மூலம் 1930-களில் அமெரிக்கப் பேரறிஞர் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கணிதத்தில் உள்ளது. 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் என்னும் மொழி அக்கருத்துக்களைக் கணிப்பொறிக்குக் கொணர்ந்தது. 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் கூடிய மாநாடு ஒன்றில், இத்துறை அறிஞர் பலர் தத்தமக்கென வைத்திருந்த மொழிகள் பலவாய்ப் பெருகியதைக் கண்டு, யாவர்க்கும் பொதுவானதொரு மொழியை வகுப்பதென்று தீர்மானித்தனர். அதன் முதல் அறிக்கை 1990-இல் வெளிவந்தது. ஹாஸ்கெல் கரி (1900-1982) என்னும் தருக்க அறிஞரின் பெயரால் அம்மொழிக்கு ஹாஸ்கெல் என்று பெயரிட்டனர். இக்கட்டுரைக்கு அம்மொழியையே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஹாஸ்கெல் மொழிக்கு மற்றொரு சிறப்பியல்பும் உண்டு. அஃது எதனையும் தேவைப்பட்டாலன்றிக் கணக்கிடாது. ஒரு கோவையின் மதிப்பை யாரேனும் கேட்கும்வரை அக்கோவையைக் கோவையாகவே வைத்திருக்கும்; கேட்டபின் ஒருமுறை கணக்கிட்டு விடையைக் குறித்துக்கொள்ளும். முடிவில்லாத வரிசை ஒன்றை எழுதி, அதில் முதற் பத்து உறுப்புக்களை மட்டும் எடுத்துக்கொள்வது இம்மொழியில் இயல்பாக நிகழ்வது. இவ்வழகிய இயல்பே எண்கணக்கில் இடர் விளைப்பதையும் மேலே காண்போம்.

2. அடுத்தது, அடுத்ததற்கு அடுத்தது

எண் என்பது யாது என்னும் வினாவிற்கு இத்தாலியக் கணித அறிஞர் ஜுசெப்பே பெயானோ 1889-இல் ஒரு விடை வகுத்தார். இன்று வழங்கும் வடிவில் அதனைக் கூறின், பூச்சியம் ஓர் எண். எந்த எண்ணுக்கும் அடுத்தது ஓர் எண். இவையன்றி வேறெதுவும் எண் அன்று. இதன்படி மூன்று என்பது பூச்சியத்திற்கு அடுத்ததற்கு அடுத்ததற்கு அடுத்தது.

சார்புமுறை மொழியில் இவ்விலக்கணத்தை இரண்டே வரிகளில் எழுதிவிடலாம். கூட்டலுக்கும் இரண்டு வரிகள் போதும். பூச்சியத்துடன் ஓர் எண்ணைக் கூட்டினால் அவ்வெண்ணே விடை என்பது முதல் வரி. ஓர் எண்ணுக்கு அடுத்ததுடன் மற்றோர் எண்ணைக் கூட்டினால், அவ்விரண்டின் கூட்டுத்தொகைக்கு அடுத்தது விடை என்பது இரண்டாம் வரி. இவற்றைக்கொண்டு எந்த இரண்டு எண்களைக் கூட்டினாலும் முன்பின் மாறுவதால் விடை மாறாது என்பதைத் தொகுத்தறிதல் முறையால் நிறுவலாம். நிரூபணத்திற்கு இதனினும் தூய வடிவம் இல்லை.

செயலுக்கோ இவ்வடிவம் பெருஞ்சுமை. ஓரிலக்கத்துடன் மற்றொன்றைக் கூட்ட ஓரிலக்கம் அடிகள் நடக்கவேண்டும். ஆயிரத்தை ஆயிரத்தாற் பெருக்கினால் பத்திலக்கம் அடுத்ததுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். தாளில் ஏழு இலக்கங்களால் எழுதி முடியும் விடை, யந்திரத்தின் நினைவகத்தில் பத்திலக்கம் கண்ணிகளையுடைய சங்கிலியாய் நீளுகின்றது.

சர்ச் வகுத்த எண்களும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. மூன்று என்பது ஒரு செயலை மும்முறை செய்யும் சார்பு என்றார் அவர். இவ்வெண்களில் கூட்டலும் பெருக்கலும் எளிதில் அமையும். ஒன்றைக் கழித்தலோ அரிது. அதற்குரிய வழி, சர்ச்சின் மாணவராகிய ஸ்டீபன் கிளீனிக்குப் பல் வைத்தியரிடம் சென்றிருந்த வேளையில் தோன்றிற்று என்று அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். ஒன்றைக் கழிக்கும் வழிக்கே இத்துணைச் சிந்தனை வேண்டியிருந்ததெனின், இவ்வடிவங்கள் அன்றாடக் கணக்கிற்கு உரியன அல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு சமரச வழியும் உண்டு. நிரூபணத்திற்கும் நிரலுக்கும் ஒருங்கே பயன்படும் அக்டா என்னும் சார்புமுறை மொழியில், இயல்பெண்ணைப் பெயானோ காட்டியவாறே இலக்கணம் செய்து, இதுவே இயல்பெண் என்று ஒரு குறிப்பும் எழுதிவிடலாம். அதன்பின் அம்மொழி நிரூபணங்களில் எண்ணைப் பெயானோவின் வடிவிலே காட்டும். உள்ளே கணக்கிடும்போதோ யந்திரத்தின் இருமக் கூட்டலையே மேற்கொள்ளும். பொருள் மாறவில்லை, உடல் மட்டும் மாறிற்று. பொருளைக் காத்து உடலை மாற்றுதல் என்னும் இவ்வொரு தத்துவத்தையே கட்டுரை முழுவதும் பின்தொடர்வோம்.

3. உறையிட்ட எண்

இனி ஹாஸ்கெலுக்கு வருவோம். அதில் யந்திர அளவுடைய முழுவெண்ணுக்கு இன்ட் என்று பெயர். இக்காலத்துக் கணிப்பொறிகளில் ஒரு சொல்லிடம் என்பது 64 பிட்டுகள், அதாவது 8 பைட்டுகள். ஓர் எண்ணை வைக்க ஒரு சொல்லிடம் போதும். ஆயினும் ஹாஸ்கெலில் ஓர் இன்ட் சாதாரணமாய் இரண்டு சொல்லிடங்களை, அதாவது 16 பைட்டுகளைக் கொள்ளுகின்றது. முதற் சொல்லிடம் இஃது இன்ன பொருள் என்று அறிவிக்கும் தலைப்பு, இரண்டாவதே எண். இவ்விரண்டையும் சேர்த்து உறையிட்ட எண் என்போம்.

இவ்வுறை எதற்கு? காரணங்கள் மூன்று. முதலாவது, ஒரே வரிசைச் சார்பு எண்களின் வரிசைக்கும் பெயர்களின் வரிசைக்கும் வரிசைகளின் வரிசைக்கும் பொதுவாய் இயங்கவேண்டுமாயின், எல்லாப் பொருளும் வெளியிலிருந்து பார்க்க ஒரே வடிவாய் இருத்தல் வேண்டும். ஆதலின் எதனையும் அதன் இருப்பிட முகவரியாலேயே குறிப்பர். இரண்டாவது, பயனற்றுப்போன பொருள்களை நினைவகத்தினின்றும் அப்புறப்படுத்தும் துப்புரவு நிரல், எது முகவரி எது வெறும் எண் என்று பகுத்தறியவேண்டும். மூன்றாவது, மேலே கூறிய ஒத்திவைப்பு. முகவரியின் மறுமுனையில் முடிந்த விடையும் இருக்கலாம். இனிச் செய்யவேண்டிய கணக்கும் இருக்கலாம். உறை இன்றேல் இவ்வேற்றுமையைக் குறிக்க இடமில்லை.

உறையின் விலை யாது என்பதை ஒரு கணக்கால் அளந்து பார்ப்போம். 1 முதல் 1 கோடி வரையுள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டுவதாகக் கொள்க. விடை 5,00,00,00,50,00,000. ஒவ்வொரு சுற்றிலும் புதிய தொகைக்கு ஓர் உறையும், அடுத்த எண்ணுக்கு ஓர் உறையும் வேண்டும். சுற்றுக்கு 32 பைட்டு வீதம் கோடிச் சுற்றுக்கு 32 கோடி பைட்டுகள் ஆயின. பழைய உறைகளைத் துப்புரவு நிரல் உடனுக்குடன் அகற்றிவிடுமாதலால் நினைவகம் நிரம்பிவிடாது. எனினும், கூட்டல் என்னும் ஒரே ஆணைக்காக முதலுறையைத் தேடிப் பிரித்து, இரண்டாம் உறையைத் தேடிப் பிரித்து, கூட்டி, புதிய உறை செய்து, அதனுள் விடையை இடவேண்டியிருக்கின்றது. ஓரணாப் பொருளுக்கு நான்கணா வண்டிக்கூலி கொடுத்தது போலும்.

ஒத்திவைப்பும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இடைத்தொகையை யாரும் கேட்கவில்லையாதலால் ஹாஸ்கெல் அதனைக் கணக்கிடாது. பூச்சியத்துடன் 1-ஐக் கூட்டுக என்று ஒரு சீட்டு எழுதி வைக்கும்; அச்சீட்டின் விடையுடன் 2-ஐக் கூட்டுக என்று மற்றொரு சீட்டு; அதனுடன் 3-ஐக் கூட்டுக என்று பின்னும் ஒன்று. ஒரு சீட்டுக்கு நான்கு சொல்லிடங்கள், அதாவது 32 பைட்டுகள் வேண்டும். கோடிச் சீட்டுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதால், துப்புரவு நிரல் ஒன்றையும் அகற்ற இயலாது. இறுதியில் விடையைக் கேட்டவுடன் கடைசிச் சீட்டிலிருந்து முதற் சீட்டு வரை இறங்கிச் சென்று, மீண்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு ஏறி வரவேண்டும். அன்றாட வரவை அன்றன்றே கூட்டி வையாது, ஆண்டு முழுதும் சீட்டுகளைக் கம்பியிற் கோத்து வைத்து, பங்குனி முடிவில் அவிழ்த்துக் கூட்ட அமரும் வணிகனின் நிலையே இது. நிரல் பிழையற்றது, விடையும் சரியானதே. ஆயின் விடை வருமுன் நினைவகம் முடிந்துபோகக் கூடும்.

4. உறையை வெளிப்படுத்தி நீக்குதல்

சார்புமுறை மொழிகள் அழகியன; ஆயின் மெதுவானவை என்னும் பழிச்சொல் நெடுநாள் வழங்கியதற்கு இது முக்கியமான காரணம். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்கெலுக்குக் கம்பைலர், அதாவது நிரலை யந்திர ஆணைகளாக மாற்றும் மொழிமாற்றி, ஆக்கிக்கொண்டிருந்த சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ், ஜான் லாஞ்ச்பரி ஆகிய இருவரும் 1991-இல் இதற்கொரு மாற்றுக் கண்டு வெளியிட்டனர்.

உறையைக் கம்பைலரின் அடித்தளத்தில் மறைத்து வையாமல், மொழியிலேயே வெளிப்படையாகக் காட்டிவிடுக என்பதே அவர்கள் கண்ட வழி. அதன்படி, யந்திரம் நேரே கையாளும் வெற்றெண் ஒரு தனி வகை. அதன் பெயரின் ஈற்றில் # என்னும் குறியை இடுவர். இன்ட் என்பது அவ்வெற்றெண் ஒன்றை உள்ளடக்கிய சாதாரணமானதோர் உறை. மொழியில் மாணவர் தாமே இயற்றிக்கொள்ளும் மற்ற வகைகளினின்றும் அது சிறிதும் வேறன்று. கூட்டல் என்பது ஓர் உறையைப் பிரி, மற்றோர் உறையைப் பிரி, வெற்றெண்களைக் கூட்டு, விடையை உறையிலிடு என்னும் நான்கு அடிகளாகக் கம்பைலரின் கண்முன் விரிகின்றது.

இதனால் வரும் பயனைக் காண்க. மூன்று எண்களைக் கூட்டும்போது, முதலிரண்டின் தொகையை உறையிலிட்டு, மூன்றாவதைக் கூட்டும்பொருட்டு அவ்வுறையையே உடனே பிரிக்கின்றோம். இட்டவுடன் பிரிக்கும் உறை வீண் என்பதைக் கம்பைலர் கண்டு இரண்டடிகளையும் நீக்கிவிடும். பின்னத்தில் மேலும் கீழும் உள்ள ஒரே காரணியை அடித்துவிடுவதை இது நிகர்க்கும். இதற்கென எண்களுக்கு மட்டும் உரிய தனி விதி எதுவும் வேண்டியதில்லை. எல்லா வகைகளுக்கும் பொதுவான விதியே எண்ணுக்கும் பயன்படுகின்றது. சமமானதற்குச் சமமானதை வைக்கலாம் என்னும் நியாயம், விரைவுக்குத் தடையென்று கருதப்பட்ட மொழியில், விரைவைத் தரும் கருவியாகவே அமைந்தது.

மீண்டும் மீண்டும் தன்னையே அழைக்கும் சார்புகளுக்கு மற்றோர் உபாயம் உண்டு. சார்பைக் கம்பைலர் இரண்டாகப் பிளக்கும். ஒன்று வாயில் காப்பவன் போன்றது. வரும் உறையைப் பிரித்து எண்ணை மட்டும் உள்ளே அனுப்பி, வெளிவரும் விடைக்கு உறையிட்டுத் தரும். மற்றொன்று உள்ளிருந்து உழைப்பவன் போன்றது. வெற்றெண்ணை ஏற்று வெற்றெண்ணையே தரும். தன்னைத்தானே அழைக்கும்போதும் வெற்றெண்ணாலேயே அழைக்கும். இவ்வாறு செய்தபின் நம் கோடிச் சுற்றுக் கணக்கில் உறை ஒன்றுகூட இல்லை. தொகையும் அடுத்த எண்ணும் செயலகத்தின் ரெஜிஸ்டர்கள் இரண்டில் தங்கிவிடும். ஸி மொழியில் எழுதிய சுற்றுக்கு ஒப்பானதொரு சுற்றே எஞ்சும்.

5. எவ்விடத்தில் நீக்கலாகாது?

உறையை நீக்குவது எப்போதும் தகுமோ எனின், தகாது. வெற்றெண்ணை ஒத்திவைக்க இயலாது. அது கணக்கிட்டு முடிந்த எண்ணாகவே இருத்தல் வேண்டும். ஆகவே, உறையை நீக்குவதென்றால் கணக்கை முன்கூட்டியே செய்துவிடவேண்டும். முன்கூட்டிச் செய்வதால் நிரலின் பொருள் மாறிவிடுமோ என்பதே வினா.

இரண்டு எண்களை ஏற்கும் ஒரு சார்பைக் கருதுவோம். முதலெண் பூச்சியமாயின் விடை பூச்சியம். அன்றேல் இரண்டின் பெருக்கம் விடை. இதற்கு முதலெண்ணாகப் பூச்சியத்தையும், இரண்டாவதாக 5-ஐப் பூச்சியத்தால் வகுத்த ஈவையும் கொடுப்போம். ஹாஸ்கெல் முறைப்படி இரண்டாவதை யாரும் கேட்கவில்லை, விடை பூச்சியம். முன்கூட்டிக் கணக்கிட்டாலோ பூச்சியத்தால் வகுத்த பிழையில் நிரல் நின்றுவிடும். விரைவைத் தேடிப் பொருளை இழந்தோமாவோம்.

ஆதலின், ஒரு சார்பு தன் உள்ளீட்டை எவ்வழியிற் சென்றாலும் தப்பாமற் கேட்குமா என்று கம்பைலர் முதலில் ஆராய்தல் வேண்டும். கேட்கும் என்பது உறுதியாயின், முன்கூட்டிச் செய்வதால் தீங்கில்லை. இவ்வாராய்ச்சிக்கு ஆலன் மைக்ராஃப்ட் 1980-இல் வெளியிட்ட ஆய்வு அடிகோலிற்று. மேற்கூறிய சார்பில் முதலெண் உறுதியாய்த் தேவை. அதன் உறையை நீக்கலாம். இரண்டாவது அவ்வாறன்று, அதன் உறையை விட்டுவைக்கவேண்டும். ஐயமுள்ள இடத்தில் கம்பைலர் உறையை விட்டுவைக்கும். நிரலை எழுதுவோருக்கு உறுதி உண்டாயின், பெயரின் முன் ஒரு வியப்புக்குறி இட்டு, இதனை ஒத்திவையாது உடனே கணக்கிடுக என்று கட்டளையிடலாம். பெரிய கூட்டல் எழுதும் மாணவர் நினைவிற் கொள்ளவேண்டிய குறி இது.

6. உறைக்கு மாற்றாய் ஓர் அடையாளம்

பிரான்சு தேசத்தில் வளர்ந்த ஓகேமல் என்னும் மொழி வேறு வழியை மேற்கொண்டது. அம்மொழி கணக்கை ஒத்திவைப்பதில்லை, கண்டவுடன் செய்துவிடும். ஆகவே சீட்டுகளின் தொல்லை அதற்கு இல்லை. எது முகவரி, எது எண் என்று பகுத்தறியும் தேவை மட்டுமே உண்டு. நினைவக முகவரிகள் எட்டின் மடங்குகளாய் அமைவதால் அவற்றின் கடைசிப் பிட்டு எப்போதும் 0. எனவே எண்ணின் கடைசிப் பிட்டை எப்போதும் 1 என்று வைத்துவிட்டால், அந்த ஒரு பிட்டைப் பார்த்த அளவிலே இரண்டையும் பிரித்தறியலாம். உறையே வேண்டியதில்லை.

இதன்படி ஓர் எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டிய வடிவில் வைப்பர். 5 என்பது 11 ஆகவும், 7 என்பது 15 ஆகவும் நினைவகத்தில் இருக்கும். இவற்றைக் கூட்டினால் 26. அதில் ஒன்றைக் கழித்தால் 25. அது 12-இன் வடிவம். பெருக்கலுக்கு ஒன்றன் அடையாளத்தை மட்டும் கழித்து 10 ஆக்கி, மற்றொன்றை 7 ஆகத் திருப்பி, பெருக்கி வந்த 70-உடன் ஒன்றைக் கூட்டினால் 71. அது 35-இன் வடிவம். கூட்டலுக்கு ஓர் ஆணை மிகை. பெருக்கலுக்குச் சில ஆணைகள் மிகை. நினைவகச் செலவு இல்லை. ஆனால் எண்ணுக்கு எஞ்சியது 64 பிட்டன்று, 63 பிட்டே. ஆகவே ஓகேமலின் மிகப்பெரிய முழுவெண் 46,11,68,60,18,42,73,87,903. ஹாஸ்கெலின் இன்ட் இதனினும் ஏறத்தாழ இரு மடங்கு வரை செல்லும். அதன் எல்லை 92,23,37,20,36,85,47,75,807.

7. விரைவின் விலை

இதுகாறும் கண்ட உபாயங்கள் பொருளை மாற்றாமல் உடலை மட்டும் மாற்றியவை. இனிக் காண்பது அத்தகையதன்று. எல்லையுள்ள எண் எல்லையைக் கடந்தால் நிகழ்வது யாது?

சதுரங்கக் கட்டங்களில் முதற் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துத் தானியம் கேட்டவன் கதையை நாம் அனைவரும் அறிவோம். 64 கட்டங்களிலும் சேர்ந்த தொகை 1,84,46,74,40,73,70,95,51,615. இதுவே 64 பிட்டுகளில் அடங்கும் பேரெண். அரசனுடைய களஞ்சியம் போதாமற் போனதுபோல யந்திரத்தின் சொல்லிடமும் ஒருநாள் போதாமற் போகும். அரசன் தன்னிடம் அத்தனை தானியம் இல்லை என்று ஒப்புக்கொண்டான், யந்திரமோ ஒப்புக்கொள்வதில்லை. 64 பிட்டுகளுக்கு மேற்பட்டதை வாய்பேசாது உதிர்த்துவிட்டு, எஞ்சியதை விடையென்று நீட்டுகின்றது.

1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களின் பெருக்கத்தை அதன் காரணீயம் என்பர். இன்ட் வகையில் 20-இன் காரணீயம் 24,32,90,20,08,17,66,40,000 என்று சரியாக வரும். 21-இன் காரணீயமோ கழித்தற்குறியுடன் −42,49,29,00,49,41,92,14,848 என்று வருகின்றது. மிகையெண்களையே பெருக்கிக் குறையெண் வந்தால் பிழையென்று எவரும் உணர்வர். 66-இன் காரணீயத்தைக் கேட்டாலோ விடை பூச்சியம்! எவ்வெண்ணும் பூச்சியமல்லாத பெருக்கத்திற்குப் பூச்சியம் விடையாவது எவ்வாறு?

காரணம் எளிது. 66 வரை இரட்டை எண்கள் 33. நான்கின் மடங்குகள் 16. எட்டின் மடங்குகள் 8. பதினாறின் மடங்குகள் 4. முப்பத்திரண்டின் மடங்குகள் 2. அறுபத்துநான்கின் மடங்கு 1. இவற்றைக் கூட்டினால் 64. அதாவது 66-இன் காரணீயத்தில் இரண்டு என்னும் காரணி சரியாக 64 முறை உள்ளது. எனவே இரும வடிவில் அதன் கடைசி 64 பிட்டுகளும் 0. யந்திரம் வைத்துக்கொள்வது அக்கடைசி 64 பிட்டுகளை மட்டுமே. 63 பிட்டே உள்ள ஓகேமலில் இவ்விபத்து 64-இன் காரணீயத்திலேயே நேர்ந்துவிடும்.

எண்ணுக்குக் கொடுத்த இடம் போதாமை வெறும் ஏட்டுப் பிழையன்று. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பியரின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறை பறந்தபோது, கிடைவேகத்தைச் சார்ந்த 64 பிட்டு எண் ஒன்றை, 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட்டு முழுவெண்ணாக மாற்ற முயன்றது அதன் நிரல். மாற்றம் இயலாமற் பிழை எழுந்தது; அதனை ஏற்று ஆவன செய்யும் ஏற்பாடு இல்லாமையால் வழிகாட்டும் கணிப்பொறிகள் இரண்டும் நின்றன; புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன் ராக்கெட் சிதறிற்று. அந்நிரல் எழுதப்பட்ட ஏடா சார்புமுறை மொழியன்று. ஆயினும் படிப்பினை எம்மொழிக்கும் பொதுவே. ஏரியன் 4-இன் வேகத்திற்குப் போதுமாயிருந்த இடம், அதனினும் விரைந்த ஏரியன் 5-க்குப் போதவில்லை.

8. எல்லையற்ற எண்

ஹாஸ்கெல் மொழியை வகுத்தோர் இதற்கும் ஒரு வழி வைத்துள்ளனர். இன்டிஜர் என்னும் மற்றொரு வகைக்கு நினைவகம் உள்ளவரை எல்லையில்லை. கிளாஸ்கோக் கம்பைலரில் இதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒரு சொல்லிடத்தில் அடங்கும் சிற்றெண் ஒன்று. அதில் அடங்காத மிகைப் பேரெண் ஒன்று. குறைப் பேரெண் ஒன்று. பேரெண்கள் பல சொல்லிடங்களின் வரிசையாய் அமையும். சிற்றெண்களைக் கூட்டும்போது எல்லை கடந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, கடந்திருப்பின் பேரெண் வடிவிற்கு மாற்றிவிடும்.

பேரெண்களைப் பெருக்குவதற்கு, 1991-இல் முதன்முதல் வெளிவந்த ஜி.எம்.பி. என்னும் நிரற்றொகுதியை வழக்கமாகப் பயன்படுத்துவர். அதனுள் அடங்கிய முறைகளுள் ஒன்று, 1960-இல் உருசிய அறிஞர் அனத்தோலி கரட்சூபா கண்டது. இரு கூறுகளாய்ப் பிரித்த இரண்டு எண்களைப் பெருக்கப் பள்ளிக்கூட முறையில் நான்கு பெருக்கல்கள் வேண்டும். அவர் அதனை மூன்றாகக் குறைத்தார். கூறுகளையும் அவ்வாறே மேலும் மேலும் பிரித்துச் செல்ல, எண் பெரிதாகுந்தோறும் ஆதாயமும் பெருகும்.

இன்டிஜர் இன்ட்டினும் மெதுவானதே. எல்லையைப் பார்க்கும் வேலை ஒன்று. வடிவம் மூன்றாயிருப்பதால் உறையைக் கம்பைலர் எளிதில் நீக்க இயலாமை மற்றொன்று. எனினும் நிரலில் எண்ணின் வகையை யாரும் வரையறுக்காவிடின், முழுவெண்ணுக்கு ஹாஸ்கெல் இன்டிஜரையே தேர்ந்துகொள்ளும். மெதுவான மெய்யே இயல்பாகக் கிடைக்கும். விரைவான எல்லையெண்ணை வேண்டுவோர் அதனை வாய்விட்டுக் கேட்டுப் பெறவேண்டும். இவ்வேற்பாடு நன்கு ஆய்ந்து செய்தது என்பது நம் கருத்து.

முடிவாக மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கன மூன்று. உறையை நீக்குவது கம்பைலரின் தொழில். அதற்காக நிரலின் தெளிவை நாம் குலைக்கவேண்டுவதில்லை. ஒத்திவைப்பை எவ்விடத்தில் தடுப்பது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். பெருந்தொகைகளைக் கூட்டுமிடத்தில் ஒரு வியப்புக்குறி, நினைவகத்திற்குப் பெருங்காவல். எல்லையுள்ள எண்ணைத் தேர்ந்தெடுப்பது மட்டும் முழுதும் நம் பொறுப்பு. நம் விடைகள் எத்துணைப் பெரிதாகும் என்று தாளில் மதிப்பிட்ட பின்னரே அதனைத் தேர்தல் முறை.

பயிற்சியாக ஒரு கணக்கு. 32 பிட்டு எண்களையுடைய யந்திரத்தில் எந்த எண்ணின் காரணீயம் முதன்முதற் பூச்சியமாய் வரும்? மேலே 66-க்குச் செய்ததுபோல இரண்டின் காரணிகளை எண்ணிச் செல்க. 34 என்னும் விடை வரின், எண்ணியது சரி.